சேலைப் பந்தல்

சொர்ணவல்லிக்கு மண் பிடிக்காது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது, வாசலில் ஒரு செம்பருத்தியாவது வைக்கலாமே என்று சொன்னால், "பூ வேணும்னா கடையில வாங்கிக்கிறேன்" என்பாள். அதில் கோபம் இருக்காது. ஆனால் அதற்கு மேல் பேச்சும் இருக்காது.

அவள் பிறந்தது கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வயலும் கொல்லையும்தான். நடவு, களையெடுப்பு, கடலை பறிப்பு என்று பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் மண்ணில் போனது. மழைக்காலத்தில் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்து, செருப்புப் போட முடியாமல் வகுப்புக்குப் போவாள். பத்தாவது பரீட்சைக்கு முதல் நாள்கூட முற்றத்தில் உட்கார்ந்து கடலை ஆய்ந்தவள் அவள். பிறகு தையல் கற்றுக்கொள்ளப் போனபோது அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது தையல் அல்ல, அந்த வேலையின் சுத்தம். நாள் முழுக்க உழைத்துவிட்டு எழுந்தாலும் பாவாடையில் ஒரு கறை இருக்காது.

கல்யாணம் ஆன வருஷமே கணவன் உதயசூரியன் குவைத்துக்குப் போய்விட்டான். ஏ.சி. மெக்கானிக் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான். வந்த களைப்பு தீர்வதற்குள் கிளம்பிவிடுவான். அவன் அனுப்பியதில் திருக்கோகர்ணத்தில் இடம் வாங்கி, கொத்தனாரோடு மல்லுக்கு நின்று வீடு கட்டியது சொர்ணவல்லி. மகள் வைஷ்ணவியைப் படிக்க வைத்து, திருச்சியில் நர்சிங் சேர்த்ததும் அவள்தான். வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு, அந்தப் பக்கத்து டீச்சர்மாருக்கும் கல்லூரிப் பெண்களுக்கும் ரவிக்கை தைத்தாள்.

வீட்டைச் சுற்றியிருந்த இடத்தைக் கொத்தனார் மண்ணாகவே விடலாம் என்றார். சொர்ணவல்லி ஒப்பவில்லை. சுவரிலிருந்து சுவர் வரை சிமென்ட் போடச் சொன்னாள். மழை பெய்தால் சகதி கிடையாது. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் ஸ்கூட்டியை நேராக உள்ளே கொண்டுவந்து நிறுத்தலாம். வற்றலையும் வடகத்தையும் பாய் விரிக்காமலேயே காயப்போடலாம். சாயந்தரம் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டு, ஈரம் காய்வதற்குள் அந்தத் தளத்தில் வெறுங்காலோடு நடப்பாள். இது என் வாசல் என்று அப்போது அவளுக்குத் தோன்றும்.

போன தை மாதம் உதயசூரியன் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டான். அவன் வேலை பார்த்த கம்பெனி ஒப்பந்தம் முடிந்து ஆட்களை அனுப்பிவிட்டது. முதல் இரண்டு வாரம் சொந்தபந்தம் வந்து போனது. அப்புறம் வீடு அடங்கியது. அடங்கிய வீட்டில் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவான். அது குவைத்தில் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் வந்த பழக்கம். அடுப்படியில் டப்பாக்களைத் திறந்து திறந்து மூடுவான். "சொர்ணம், சீனி எங்க இருக்கு?" என்று தினமும் கேட்பான். அவள் மெஷினில் இருக்கும்போது பின்னால் வந்து நின்று வேடிக்கை பார்ப்பான். அளவு கொடுக்க வரும் பெண்கள் கூச்சப்பட்டு வாசலிலேயே நிற்பார்கள். கெட்ட மனிதன் இல்லை. ஒரு சொல் கடிந்து பேசமாட்டான். ஆனால் இத்தனை வருஷமாகத் தன் கால் எதிலும் தட்டாமல் நடந்து பழகிய வீட்டில், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆள் நிற்பது அவளுக்கு மூச்சுமுட்டியது. திரும்ப ஒரு விசா வந்தால் தேவலை என்று ஒரு நாள் நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காக அன்று அவனுக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்தாள்.

மாசி பிறந்த ஒரு காலையில், லைனிங் துணி வாங்கக் கீழ ராஜ வீதிக்குப் போய்விட்டு ஆட்டோவில் வந்து இறங்கியவள், கேட்டைத் திறந்ததும் நின்றுவிட்டாள். கிழக்குச் சுவரோரம் தளம் உடைந்து கிடந்தது. உதயசூரியன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கடப்பாரையால் ஒரு சிமென்ட் பாளத்தை நெம்பிக்கொண்டிருந்தான். வாசல் முழுக்க வெள்ளைத் தூசி.

"என்ன பண்றீங்க?"

"கொஞ்சம் எடம் எடுத்திருக்கேன். செடி வைக்கலாம்னு."

"யாரைக் கேட்டு?"

அவன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான். "நம்ம வீடுதானே, சொர்ணம்."

"நம்ம வீடுதான். அதனாலதான் கேக்குறேன், யாரைக் கேட்டு?"

அவள் உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தாள். மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு மெஷினுக்கே திரும்பினாள். சாயந்தரம் அவனே வந்து கதவருகில் நின்று பேசினான்.

"அங்க கேம்ப்ல ஏ.சி. தண்ணி சொட்டுற எடத்துல ஒரு பெயிண்ட் வாளி வச்சிருந்தேன். அதுல புதினா போட்டேன். வேலை விட்டு வந்தா எல்லாரும் அதைத்தான் வந்து பாப்பானுங்க. ஒருத்தனும் பறிக்க மாட்டான். மோந்து பாத்துட்டுப் போவானுங்க. கேம்ப் மாத்துனப்ப வாளியை வண்டியில ஏத்த விடலை."

சொர்ணவல்லி நூலைக் கடித்து அறுத்தாள். "நீங்க மண்ணையே பாக்காம இருந்தீங்க. அதனால ஆசையா இருக்கு. நான் அதைப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் காலையில் அவள் டெய்லர் சாக்பீஸோடு வாசலுக்கு வந்தாள். உடைந்த ஓரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, சுவர் முதல் கேட் வரை நேராக ஒரு கோடு போட்டாள். துணி வெட்டுவதற்குப் போடுவது போலவே. "இந்தக் கோட்டுக்கு அங்கிட்டு ஒங்க தோட்டம். இங்கிட்டு ஒரு பிடி மண்ணு வரக்கூடாது."

அவன் தலையாட்டினான். சொன்னபடி நடந்தும் கொண்டான்.

சிமென்டுக்குக் கீழே இருந்தது மண்ணே அல்ல. சரளையும், வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டும்தான். அதையெல்லாம் வாரி வெளியேற்றவே ஒரு வாரம் ஆனது. கைகளில் கொப்புளம் வந்து உடைந்தது. அப்புறம் சொர்ணவல்லியின் தம்பி நல்லதம்பி, கறம்பக்குடியிலிருந்து குட்டியானை வண்டியில் வண்டல் மண்ணும் மக்கிய சாணி எருவும் கொண்டுவந்தான்.

"அக்கா, ஒன் வாசல்ல மண்ணு எறக்க எனக்கே பயமா இருக்கு" என்றான்.

"ஒன் மச்சான்கிட்ட சொல்லு. கோடு போட்டிருக்கேன், தாண்டக்கூடாது."

"தாண்டலை மாப்ளே, தாண்டலை" என்று உதயசூரியன் மண்வெட்டியோடு குனிந்தான். அவன் சிரித்ததை ஊருக்கு வந்ததிலிருந்து அன்றுதான் அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, பாகல், ஒரு மூலையில் பரங்கி. போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால், குழாயில் குடிதண்ணீர் வரும் நாளில் குடம் குடமாகப் பிடித்து வைத்து ஊற்றினான். அரிசி கழுவிய தண்ணீரைக் கேட்டு வாங்கினான். சொர்ணவல்லி அதைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே வைத்துவிட்டு வந்துவிடுவாள். ஒரு காலையில் வெண்டை விதை இரண்டிலையாகப் பிளந்து மேலே வந்திருந்தது. உதயசூரியன் வைஷ்ணவிக்கு வீடியோ காலில் காட்டினான். "அப்பா, ஃபோனை கிட்ட வைங்க, ஒண்ணும் தெரியலை" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் ஃபோனை மண்ணோடு ஒட்ட வைத்தான்.

மூன்றாம் நாள் மயில் வந்தது.

கோயில் பாறைப் பக்கத்துப் புதர்களில் மயில்கள் உண்டு. எப்போதாவது மொட்டைமாடியில் வந்து நிற்கும். சொர்ணவல்லி அதுவரை அவற்றை அழகுக்காக மட்டுமே பார்த்திருந்தாள். அன்று விடிந்தும் விடியாமலும் மூன்று மயில்கள் சுவர் ஏறிக் குதித்து, கீரைப் பாத்தியைத் துடைத்து வைத்தது போலத் தின்றுவிட்டுப் போயிருந்தன. வெண்டையில் தண்டு மட்டும் நின்றது. பரங்கியும் பாகலும் சுவர் மூலையில் ஒதுங்கி முளைத்ததால் தப்பின.

உதயசூரியன் மறுபடி விதைத்தான். மறுபடி தின்றன. தகரத்தைக் கட்டித் தொங்கவிட்டான். இரண்டு நாள் பயந்தன, மூன்றாம் நாள் பழகிவிட்டன. பங்குனி வெயில் வேறு, மிச்சமிருந்ததைக் கருக்க ஆரம்பித்தது. அன்று காலை அவன் உடைத்துப்போட்ட சிமென்ட் பாளம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான். மொபைலைக்கூடப் பார்க்கவில்லை. கைகள் முழங்காலில் சும்மா கிடந்தன.

சொர்ணவல்லி மெஷினிலிருந்து ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தாள். ஒரு ரவிக்கைக்குக் கை பூட்டி முடித்தாள். மறுபடி பார்த்தாள். அப்படியே இருந்தான். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, வேலை இல்லாத வெள்ளிக்கிழமைகளில் இந்த மனிதன் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான் போலிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. வீடியோ காலில் எப்போதும் முகம் கழுவி, தலை சீவி வந்து நிற்பான். இந்த முகத்தை அவன் காட்டியதே இல்லை.

எழுந்து போய்ப் பீரோவின் அடித்தட்டைத் திறந்தாள். கட்டாத பழைய ஷிபான் சேலைகள், சாயம் போன நைலான் சேலைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டாள். பச்சை, ஊதா, மாம்பழ மஞ்சள். கரையோடு கரை சேர்த்து மெஷினில் ஓட்டினாள். ஓரத்தில் நாடா போக இடம் விட்டு மடித்துத் தைத்தாள். மத்தியானத்துக்குள் ஒரு பெரிய விரிப்பு தயாரானது. அதைக் கொண்டுபோய் அவன் மடியில் வைத்தாள்.

"நாலு மூலையிலயும் கம்பு ஊணுங்க. மேலயும் பக்கமும் மூடுனா மயிலு வராது. வெயிலும் அடங்கும்."

அவன் சேலையைத் தடவிப் பார்த்தான். "இது நான் மொத லீவுக்கு வந்தப்ப வாங்கியாந்ததுல்ல?"

"ஆமா. கட்டுனா கரண்ட் அடிச்ச மாதிரி ஒட்டும். இதுக்காவது ஆகட்டும்."

அன்று சாயந்தரம் அந்த வாசலில் ஒரு கல்யாண வீடு போலப் பந்தல் நின்றது. தைக்கக் கொடுக்க வந்த பிரகதீஸ்வரி டீச்சர் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, "யாருக்குங்க விசேஷம்?" என்று கேட்டாள். "வெண்டைக்காய்க்கு" என்றாள் சொர்ணவல்லி. மயில்கள் வந்து சுற்றிச் சுற்றி நடந்தன. சேலைக்குள் எப்படிப் போவது என்று அவற்றுக்குத் தெரியவில்லை.

மிச்சமிருந்ததும் திரும்ப விதைத்ததும் சேலை நிழலில் தழைத்தன. பரங்கிக் கொடி சாக்பீஸ் கோட்டைத் தாண்டி, தளத்தின் மேல் நீண்டது. உதயசூரியன் அதைத் திருப்பி விடப் போனான். "கெடக்கட்டும், ஒடிஞ்சிறப் போகுது" என்றாள் அவள். கோடு கொடிக்கு அடியில் அழிந்து போனது. மறுபடி யாரும் போடவில்லை.

ஆனால் பரங்கி பூத்ததே தவிர காய்க்கவில்லை. மஞ்சளாய் அகலமாய்ப் பூத்து, மறுநாள் சுருங்கி உதிர்ந்தது. பூவுக்குக் கீழே குண்டுமணி போலப் பிஞ்சோடு வந்த சிலவும் அழுகி விழுந்தன. சொர்ணவல்லிக்கு நெல் தெரியும், கடலை தெரியும், பரங்கி தெரியாது. தம்பிக்குப் போன் போட்டாள்.

"மொதல்ல வர்றது எல்லாம் ஆம்பளப் பூவுக்கா. சும்மா வந்துட்டு உதிரும். அதுல ஒண்ணும் ஆகாது" என்றான் நல்லதம்பி.

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் உதயசூரியனும் கேட்டுக்கொண்டிருந்தான். சொர்ணவல்லி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனும் புரிந்துகொண்டு சிரித்தான்.

"என்னக்கா சிரிக்கிற? பிஞ்சும் அழுகுதுன்னா தேனீ வரலைன்னு அர்த்தம். நீ சேலையைக் கட்டி மூடி வச்சிருக்க, அது எப்படி உள்ள வரும்? காலையில தொறந்து விடு."

திறந்துவிட்டால் மயில் வரும். மூடினால் தேனீ வராது. ஒரே வழிதான் இருந்தது: விடிந்ததும் சேலையைத் தூக்கிவிட்டு, வெயில் ஏறும் வரை யாராவது காவல் இருப்பது. உதயசூரியன் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். காப்பி கொடுக்க வந்த சொர்ணவல்லி முதல் நாள் நின்றபடி குடித்தாள். அடுத்த நாள் இன்னொரு நாற்காலி கிடந்தது.

அப்படி உட்கார்ந்து அவர்கள் பேசியதே இல்லை. போனில் பேசியதெல்லாம் சிமென்ட், கம்பி, ஃபீஸ், காய்ச்சல். இப்போது பேச எதுவும் இல்லாமல் தேனீ வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததில், மற்றதெல்லாம் ஒவ்வொன்றாய் வந்தது. ஒரு நாள் அவன் கேட்டான்: "ஆத்தா செத்தப்ப, நீ போனைப் பிடிச்சுக்கிட்டே நின்னியே, எடுக்குற வரைக்கும். கை வலிச்சிருக்கும்ல?"

அவன் அம்மாவின் சாவுக்கு அவனால் வர முடியவில்லை. சொர்ணவல்லிதான் கூட்டத்துக்கு நடுவில் போனை உயர்த்திப் பிடித்துக் காட்டினாள்.

"வலிச்சுச்சு" என்றாள். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தோள்பட்டை ரெண்டு நாள் தூக்க முடியலை. யார்கிட்டயும் சொல்லலை" என்றாள்.

"நான் அங்க ஒரு அட்டைப்பெட்டி மேல ஒக்காந்து பாத்தேன். நீ கையை மாத்தும்போது படம் ஆடும். அப்பல்லாம் ஒன் கையத்தான் நினைச்சேன்."

எழுந்து போய் ஒரு ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிழித்தாள். தேனீ போதாவிட்டால் கையாலேயே தடவலாம் என்று தம்பி சொல்லியிருந்தான். குனிந்து, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினாள். மண்டியிட்டதில் முழங்காலில் சேலை நனைந்து அழுக்கானது. அதை அவள் கவனிக்கவில்லை.

அந்த வாரம்தான் கோபிநாத் கூப்பிட்டான். உதயசூரியனோடு கேம்பில் ஒரே அறையில் இருந்தவன், இப்போது கத்தாரில் இருந்தான். அங்கே ஏ.சி. ஆளுக்கு இடம் இருக்கிறது, சித்திரைக்குள் வர முடியுமா என்று கேட்டான். உதயசூரியன் மத்தியானச் சாப்பாட்டில் அதைச் சொன்னான்.

ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த சொர்ணவல்லியின் கை நின்றது. "தை மாசம் இதைச் சொல்லியிருந்தா நானே பெட்டி கட்டியிருப்பேன்."

"இப்ப?"

"இப்ப நான் போகவும் சொல்ல மாட்டேன், இருக்கவும் சொல்ல மாட்டேன். ஒனக்காகப் போனேன், புள்ளைக்காகப் போனேன்னு இத்தனை வருசம் ஆச்சு. ஒங்களுக்கு என்ன வேணும்னு ஒரு தடவை நீங்களே சொல்லுங்க."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

இரண்டு நாள் கழித்துப் பிரகதீஸ்வரி டீச்சர் ரவிக்கை வாங்க வந்தபோது, தன் வீட்டு ஏ.சி. வெறும் காற்றாக அடிக்கிறது, வெயில் காலத்தில் எந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் நாளைக்கு, நாளைக்கு என்கிறான் என்று புலம்பினாள். "எங்க வீட்டுக்காரர் பாப்பாருங்க" என்று சொர்ணவல்லியின் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான், எங்க வீட்டுக்காரர் என்று இந்த வாசலில் நின்று தான் சொன்னதே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

உதயசூரியன் பையை எடுத்துக்கொண்டு போனான். இருட்டுவதற்குள் வந்துவிட்டான். சட்டையெல்லாம் தூசி, முகத்தில் ஒரு தெளிவு. டீச்சர் தன் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். அடுத்து ஒரு மருந்துக்கடை, ஒரு பல் ஆஸ்பத்திரி. பங்குனி முடிவதற்குள் அவன் பழைய பைக் ஒன்றை எடுத்து ஓட்ட ஆரம்பித்தான்.

ஒரு காலையில் காவல் நாற்காலியில் இருந்தபடி, அவளைப் பார்க்காமல் சொன்னான்: "கோபிகிட்ட வரலைன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"எனக்கு இங்க இருக்கணும்னு இருக்கு."

"சரி" என்றாள் அவள். அவ்வளவுதான். ஆனால் அன்று தைத்த ரவிக்கையில் கழுத்தை முன்பின்னாக வைத்துத் தைத்துவிட்டு, முழுவதையும் பிரிக்க வேண்டியதாகிவிட்டது.

சித்திரையில் வைஷ்ணவி விடுமுறைக்கு வந்தாள். வாசலில் பை வைக்க இடமில்லை. வெண்டை இடுப்பளவு நின்று நாள் தவறாமல் காய்த்தது. பாகல் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தையல் அறைக்குள்ளேயே எட்டிப் பார்த்தது. பரங்கி நான்கு காய்கள் பிடித்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் அடியில் சொர்ணவல்லி பழைய துணியைச் சுருட்டிச் சும்மாடு போல வைத்திருந்தாள்.

"அம்மா, நீயா இது?" என்றாள் வைஷ்ணவி.

"ஒங்கப்பா வேலைக்குப் போயிடுறாரு. யாராவது பாக்கணும்ல."

முதல் பரங்கியை அறுத்து, தெருவில் நாலு வீட்டுக்குத் துண்டு போட்டுக் கொடுத்தார்கள். மிச்சத்தில் புளிக்குழம்பு. வைஷ்ணவிக்குப் பரங்கி பிடிக்காது, தட்டில் ஒதுக்கினாள். உதயசூரியன் அந்தத் துண்டுகளையும் எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டான். கொஞ்சம் இனிப்புக் கூடுதல்தான், அடுத்த தடவை காரம் கூட்ட வேண்டும் என்றாள் சொர்ணவல்லி. வெளியில் காற்றுக்குச் சேலைகள் படபடத்தன. பொன்னமராவதியிலிருந்து யாரோ கூப்பிட்டு ஏ.சி. தண்ணீர் ஒழுகுகிறது என்றார்கள். அவன் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினான். அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஆடிக்கு அவரை விதை எடுத்து வையி. பந்தல் போடணும், கம்பும் வேணும்."

"மச்சான் கேட்டாராக்கா?"

"நான்தான்டா கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.